மின்சாரம் திரும்பும் நொடியும் டைமர் ரிலேயும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

கோடை மழை தொடங்கிவிட்டால் பெங்களூரில் மின்சாரம் போவதும் வருவதும் வழக்கமாகிவிடுகிறது. அந்த நாட்களில் எஸ்.ஜே.பி. சாலையிலுள்ள எங்கள் கடைக்கு வரும் அடுக்ககப் பராமரிப்பாளர்கள் பெரும்பாலும் ஒரே குறையைச் சொல்கிறார்கள்: மின்சாரம் திரும்பிய கையோடு மெயின் பிரேக்கர் விழுந்துவிடுகிறது. பெரிய பிரேக்கராகப் போட்டுவிடலாமா என்றும் கேட்கிறார்கள். வேண்டாம். ஒயரின் தாங்குதிறனைப் பார்த்துப் போட்ட பிரேக்கரைப் பெரிதாக்கினால், அடுத்த முறை சூடேறுவது ஒயர்தான்.

காரணம் தண்ணீர் ஏற்றும் மோட்டார்கள். மூன்று பேஸில் ஓடும் 5 எச்.பி. மோட்டார் ஒன்று முழுச் சுமையில் ஏறக்குறைய 7.5 ஆம்பியர் எடுக்கிறது. முழு வோல்டேஜையும் ஒரேயடியாகக் கொடுக்கும் நேரடி ஸ்டார்ட்டரில் கிளம்பும்போது மட்டும் அதைப்போல் ஆறு மடங்கு, அதாவது 45 ஆம்பியர் வரை இழுக்கும். ஆட்டோவில், அதாவது மின்சாரம் வந்ததும் தானாக ஓடும்படி விடப்பட்ட அத்தகைய மூன்று மோட்டார்கள் ஒரே நொடியில் கிளம்பினால் 135 ஆம்பியர் ஆகிவிடும்; பிரேக்கர் விழுவது அதனால்தான். அவற்றை மின்சாரம் வந்த 10, 20, 30-ஆவது நொடிகளில் ஒவ்வொன்றாகக் கிளப்பினால், கடைசி மோட்டார் கிளம்பும்போதும் மொத்தம் 60 ஆம்பியரைத் தாண்டாது. ஜெனரேட்டருக்கு மாறும் கட்டடங்களில் இந்த வேறுபாடு இன்னும் கண்கூடாகத் தெரியும். இதற்கு ஒவ்வொரு ஸ்டார்ட்டருக்கும் ஓர் ஆன் டிலே டைமர் ரிலே, அதாவது மின்சாரம் வந்து குறித்த நேரம் கழித்தே இணைப்பைக் கொடுக்கும் சாதனம், போதும். பட்டன் அழுத்திக் கிளப்பும் ஸ்டார்ட்டர், மின்சாரம் திரும்பினாலும் தானாக ஓடாது என்பதால் அதற்கு இது தேவைப்படாது.

ஆனால் டைமரை மோட்டாரின் வழியில் நேராகப் போட்டுவிடாதீர்கள். சென்ற மாதம் ஒருவர் துணிப்பையில் ஒரு டைமரைக் கொண்டுவந்து, "நேரம் வந்தாலும் அணையவில்லை" என்றார். உறையைக் கழற்றிப் பார்த்தபோது கான்டாக்ட் புள்ளிகள் இரண்டும் உருகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. 5 ஆம்பியர் என்று அதன் பக்கவாட்டில் அச்சிட்டிருந்தது ஹீட்டர் போன்ற சுமைக்கான கணக்கு. மோட்டாருக்கு அது பொருந்தாது. மோட்டாருக்கு மின்சாரம் விடும் பெரிய காந்த சுவிட்சுக்குக் கான்டாக்டர் என்று பெயர்; டைமரின் வேலை அதன் காயிலை (காந்தச் சுருளை) இயக்குவதோடு முடிந்துவிட வேண்டும். மோட்டாரின் சுமையைக் கான்டாக்டர்தான் சுமக்க வேண்டும். டைமரில் 15 என்பது பொதுமுனை, 18 என்பது நேரம் முடிந்ததும் சேரும் முனை, 16 பிரியும் முனை. எலக்ட்ரீஷியன்கள் 16-ஐயும் 18-ஐயும் மாற்றிக் கொடுத்துவிட்டுப் பழியை டைமர்மேல் போடுவதும் உண்டு.

தொட்டியின் நீர்மட்டத்துக்கேற்ப மோட்டாரை இயக்கும் ஃப்ளோட் சுவிட்சுக்கு அடுத்தபடியாக டைமரின் காயிலை இணைத்தால் இன்னொரு நன்மையும் கிடைக்கும்: தொட்டியில் தண்ணீர் அலைபாய்ந்து ஃப்ளோட் தத்தளிக்கும்போது மோட்டார் விட்டுவிட்டுக் கிளம்பாது. மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்தால் நிறுத்தும் ஓவர்லோட் ரிலேயையும், போர்வெல்லில் தண்ணீர் வற்றினால் மோட்டாரை நிறுத்தும் தனிச் சாதனத்தையும் டைமரைக் காட்டி நீக்கிவிட வேண்டாம். அவற்றின் வேலையை டைமர் செய்யாது.

வாங்க வரும்போது, கான்டாக்டர் காயிலின் வோல்டேஜையும் மோட்டாரின் பெயர்ப்பலகையையும் படமெடுத்து வாருங்கள். 230 வோல்ட் காயிலுக்கான டைமரை 415 வோல்ட் கன்ட்ரோல் லைனில் மாட்டினால் அது உடனே எரிந்துபோகும். அப்படி எரிந்ததை நாங்கள் திரும்ப எடுத்துக்கொள்ள இயலாது.

தங்கள் அன்புள்ள,
கடை உரிமையாளர்,
எஸ்.ஜே.பி. சாலை, பெங்களூரு.