வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் நம் பிள்ளைகள்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

டியூஷனில் கண்ணயர்ந்த பிள்ளையின் முகம் ஐந்தே நிமிடத்தில் ஸ்டிக்கராகி வகுப்புக் குழுவுக்கு வந்துவிடுகிறது. செய்தவருக்கு அது விளையாட்டு. மற்றவர்கள் அதைத் தங்கள் போனில் சேமித்த பிறகு, அனுப்பியவரே 'எல்லோருக்கும் நீக்கு' கொடுத்தாலும் அங்கே அழியாது. அந்த வசதியும் ஏறக்குறைய இரண்டு நாள் வரைதான். கேலிக்கு ஆளான பிள்ளையோ பள்ளிக்கு வரவே தயங்குகிறது. ஆகவே, இன்னொருவர் முகம் இருக்கும் படத்தை அவரைக் கேட்காமல் அனுப்பக் கூடாது என்ற ஒரு பழக்கத்தையாவது வீட்டில் பிடிவாதமாக வளர்க்க வேண்டுகிறேன். ஆண்டு விழாப் படத்தை ஸ்டேட்டஸில் வைக்கும் நமக்கும் இது பொருந்தும்.

மழைக்காலத்தில் 'நாளை லீவு' என்று நியூஸ் கார்டு வந்தால் முதலில் தேதியையும் மாவட்டத்தையும் பாருங்கள். திருவள்ளூருக்கோ செங்கல்பட்டுக்கோ விட்ட லீவு சென்னைக்கு ஆகாது. இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது. மாவட்ட ஆட்சியர் அறிவிக்கும்வரை ஃபார்வர்டு வேண்டாம்.

மிரட்டலோ அவதூறோ வந்தால் செய்யும் வரிசை முக்கியம். முதலில், அனுப்பியவர் எண்ணும் தேதியும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட். பிறகு ரிப்போர்ட், அப்போது உரையாடலையும் சேர்த்து அழிக்கும் கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். கடைசியில்தான் பிளாக். பதற்றத்தில் பலரும் முதலில் அழித்துவிடுகிறார்கள். ஆதாரமும் அதோடு போய்விடுகிறது.

ஒரு பிள்ளையின் ஆடையில்லாப் படம் என்றால் மட்டும் முறை வேறு. ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீர்கள், ஆதாரம் என்று எனக்கும் அனுப்பாதீர்கள். அதைப் பகிர்வது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவின்படி குற்றம். கணக்கின் பெயர், எண், நேரம் ஆகியவற்றை மட்டும் தாளில் குறித்துக்கொண்டு குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பெயர் சொல்லாமலும் புகார் கொடுக்கலாம். பணம் பறிபோயிருந்தால் தாமதிக்காமல் 1930.

முன்பின் தெரியாதவர்கள் குழுக்களில் சேர்க்காமலிருக்க, வாட்ஸ்அப் செட்டிங்ஸில் பிரைவசி, அதில் குரூப்ஸ் போய் 'மை கான்டாக்ட்ஸ்' என்று மாற்றுங்கள்.

பிள்ளை தானாக வந்து சொன்னால் அன்றைக்குப் போனைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் அடுத்த முறை வாய் திறக்காது. வகுப்பாசிரியரையோ என்னையோ நேரில் வந்து பாருங்கள். முன்கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும் என்பதில்லை.

அன்புடன்,
தலைமையாசிரியர்,
சென்னை