மேல்முறையீட்டுக் குழு இல்லாமல் முதல் சுற்றைத் தொடங்காதீர்கள்

நீலகிரியில் சதுரங்கப் போட்டி நடத்தும் அமைப்பாளர்களுக்கும் தலைமை நடுவர்களுக்கும்,

வணக்கம். ஊட்டியில் அண்மையில் நடந்த பத்து வயதுக்குட்பட்டோர் ரேபிட் (குறைந்த நேர வேக ஆட்டம்) போட்டியில் என்ன தகராறு என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். யார் பெயரையும் இழுப்பது எங்கள் நோக்கமல்ல. தீர்ப்பு எங்கே தவறியது, அதை அன்றைக்கே ஏன் திருத்த முடியவில்லை என்பதைத்தான் கேட்கிறோம்.

வெள்ளையிடம் ராஜாவும் ஒரு சிப்பாயும். கறுப்பிடம் ராஜா மட்டும். சிப்பாய் எட்டாம் வரிசைக்குப் போனது; அங்கே போனதும் அதை ராணி போன்ற வேறு காயாக மாற்ற வேண்டும். வெட்டுப்பட்ட வெள்ளை ராணி எதிராளியின் முழங்கைக்குப் பின்னால் கிடந்தது. ஆடிய சிறுமி சிப்பாயை மாற்றாமலே கிளாக்கை அழுத்திவிட்டாள். எதிராளி கை தூக்கினான். நடுவர் வந்தார், இல்லீகல் மூவ் (விதிக்குப் புறம்பான நகர்வு) என்றார், 0–1, அதாவது கறுப்புக்கு வெற்றி என்று எழுதிவிட்டார்.

அது இல்லீகல் மூவ்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்குத் தண்டனை என்ன? சிப்பாய் நிற்கும் கட்டத்தில் அதே நிற ராணியை வைக்க வேண்டும், எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூட்டித் தர வேண்டும், ஆட்டம் தொடர வேண்டும். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதி 7.5.2, 7.5.5 இரண்டையும் சேர்த்துப் படித்தால் இவ்வளவுதான். இரண்டாம் தடவை செய்தால்தான் தோல்வி. ரேபிட்டில் முதல் தவறுக்கே ஆட்டம் போகும் என்பது 2014 விதிநூலில் இருந்தது. 2017 ஜூலையோடு அது போய்விட்டது. அந்தப் பழைய விதியை எடுத்துக்கொண்டாலும் இந்தத் தீர்ப்பு நிற்காது. தனி ராஜாவை வைத்துக்கொண்டு எந்த வழியிலும் மேட் செய்ய (எதிர் ராஜாவைத் தப்ப முடியாமல் மடக்க) முடியாது. அப்படிப்பட்ட நிலையில் கொடுக்க முடிந்த கடுமையான தண்டனையே டிராதான். இரண்டில் எந்த நூலைப் புரட்டினாலும் வெள்ளைக்குத் தோல்வி என்று எழுத இடமே இல்லை.

இதை யார் எடுத்துச் சொல்வது? பெற்றோரும் பயிற்சியாளரும் கேட்டுக்கு வெளியே. ஆட்டத்தில் பார்வையாளர் தலையிடக் கூடாது என்பது சரி, அதை மதிக்கிறோம். ஆனால் கூடலூரிலிருந்து விடியற்காலைப் பஸ்ஸில் நடுவட்டம், பைக்காரா ஏறி வந்த ஒன்பது வயதுப் பிள்ளை, விதி எண் சொல்லி, அதுவும் ஆங்கிலத்தில், தலைமை நடுவரிடம் வாதாட வேண்டுமா? ரிசல்ட் சீட்டை நீட்டி "இங்க கையெழுத்துப் போடு" என்றதும் போட்டுவிட்டாள். வெளியே வந்து அம்மாவிடம் சொல்லி, அவர் உள்ளே ஆள் அனுப்பிக் கேட்பதற்குள் அடுத்த சுற்றில் யாருக்கு யார் எதிராளி என்ற பேரிங் பட்டியலை ஒட்டியாயிற்று. "கையெழுத்துப் போட்டாச்சு, இனி ஒன்றும் செய்ய முடியாது" என்பது பதில். போட்டியின் விதிகள் வேறாகச் சொல்லாதவரை, கையெழுத்துப் போட்டிருந்தாலும் நடுவரின் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம் என்று ஃபிடே விதி 11.10 தெளிவாகச் சொல்கிறது. முறையிட ஒரு குழுதான் இல்லை.

ஒத்த புள்ளி எடுத்தவர்களை மோதவிடும் ஸ்விஸ் முறையில் இப்படிப் போகும் ஒரு புள்ளி அந்த மேசையோடு நிற்காது. அடுத்தடுத்த சுற்றுகளில் யார் யாரோடு ஆடுவது என்பது மாறும், எதிராளிகளின் புள்ளிகளைக் கூட்டிச் சம புள்ளிக்காரர்களை வரிசைப்படுத்தும் புக்கோல்ஸ் மாறும், கடைசியில் கோப்பை வாங்கும் ஆளே மாறும்.

நடுவர் தவறுவதைக் குற்றம் என்று நாங்கள் சொல்லவில்லை. 2017 டிசம்பரில் ரியாத் உலக பிளிட்ஸ் (அதிவேக ஆட்டம்) போட்டியில், செக்கில் (ராஜா தாக்குதலில்) இருந்த ரஷ்ய ஆட்டக்காரர் இனார்கியேவ் அதை விலக்காமல் எதிர்ச் செக் கொடுத்தார். எதிரே ஆடிய அப்போதைய உலகச் சாம்பியன் கார்ல்சன் ராஜாவை நகர்த்தியதும், அதுதான் இல்லீகல் என்று இனார்கியேவ் முறையிட்டார். அங்கிருந்த நடுவர் முதலில் இனார்கியேவுக்கே வெற்றி கொடுத்தார். தலைமை நடுவர் அதை மாற்றி ஆட்டத்தைத் தொடரச் சொன்னார். உலகச் சாம்பியனுக்கே தவறான தீர்ப்பு வரும். அங்கே அதைத் திருத்த ஒருவர் இருந்தார். எங்கள் பிள்ளைக்கு யார் இருந்தார்கள்?

ஆள் உயரக் கோப்பைக்குப் பணம் இருக்கிறது. சிறப்பு விருந்தினர் வரும்வரை முதல் சுற்றை ஒரு மணி நேரம் தள்ளிப்போட நேரம் இருக்கிறது. செட்டோடு வரும் உபரி ராணிகளைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைக்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. அந்த ஒரு காய் கைக்கெட்டும் இடத்தில் இருந்திருந்தால் இந்த மடலுக்கே வேலை இருந்திருக்காது.

கோபத்தில் சொல் கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவோடு கேட்பது இதுதான்: மேல்முறையீட்டுக் குழுவை முதல் சுற்றுக்கு முன்பே அமையுங்கள். மூன்று பேர், இரண்டு மாற்று உறுப்பினர்கள், பெயர்கள் பலகையில். தகராறில் சம்பந்தப்பட்ட பிள்ளையின் ஊர்க்காரரோ பயிற்சியாளரோ குழுவில் இருந்தால் அந்த முறையீட்டுக்கு மட்டும் மாற்று உறுப்பினர் உட்காரட்டும். பிள்ளை சார்பில் பெற்றோரோ பயிற்சியாளரோ எழுதிக் கொடுக்கப் பத்து நிமிடம் கொடுங்கள். அதுவரை பேரிங் ஒட்ட வேண்டாம். தகராறு வந்த மேசையில் காய்களைக் கலைக்காமல், கிளாக்கை நிறுத்தி, இரு பக்க நேரத்தையும் எழுதி வையுங்கள். ரேபிட்டில் நகர்வுகளை எழுதும் ஸ்கோர் ஷீட் இருக்காது என்பதால் கலைத்த பின் எந்தக் குழு வந்தாலும் பயனில்லை. வேண்டிய காய் கிடைக்காவிட்டால் கிளாக்கை நிறுத்தி நடுவரைக் கூப்பிடலாம் என்பதைத் தொடக்கத்திலேயே தமிழில் அறிவியுங்கள்.

அடுத்த போட்டியின் அழைப்பிதழில் நுழைவுக் கட்டணத்துக்குக் கீழே குழுவினரின் பெயர்களையும் அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பகுதி ஆட்டக்காரர்களின் பெற்றோரும் பயிற்சியாளர்களும்