குக்கருக்கு ஒன்றுவிட்ட தம்பி

பாளையங்கோட்டை
ஞாயிறு, விடியற்காலை

அன்புள்ள சுந்தரம்,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்துச் சிரித்ததில் கையிலிருந்த காபி கட்டியிருந்த சாரத்தில் கொட்டிவிட்டது. அடுப்பெல்லாம் கறுப்புத் தண்ணீர், சுவரில் ஆளுயரத்துக்குத் தெறிப்பு, நடுவில் ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி நிற்கிற அந்த எட்டுப்பட்டை மோக்கா பாத்திரம், அடுப்பில் வைத்துக் காபி இறக்குகிற இத்தாலிச் சாமான். கீழே நீ எழுதியிருந்த ஒரு வரி: ‘எஸ்பிரெஸோ மேக்கர்னுதானலே போட்டிருந்தான்!’ உன் வீட்டுக்காரி, என் தங்கச்சி, என்ன சொன்னாள் என்பதை மட்டும் எழுதவில்லை. எழுதக்கூடிய வார்த்தையாக இருந்திருக்காது.

ஃபோனிலேயே சொல்லியிருப்பேன். நீ பாதியில் குறுக்கே விழுந்து உன் கதையை ஆரம்பித்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அதோடு, நாற்பதாயிரம் ரூபாய்க்கு ஒரு மெஷின் பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னாயே, அதற்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

எஸ்பிரெஸோ என்றால் உன் மனசில் என்ன வருகிறது? எனக்கு உங்க அக்கா கல்யாணம்தான் வருகிறது. 1984. ஜங்ஷன் பக்கத்து மண்டபத்தில் ரிசப்ஷன். வாசலில் ஒரு ஆள் பளபளவென்று ஒரு மெஷினை நிறுத்தி, உஸ்ஸென்று ஆவியைப் பாலுக்குள் விட்டு நுரை பொங்க வைத்து, மேலே சாக்லேட் பொடி தூவிக் கொடுத்தான். நீ ஏழு கப், நான் ஐந்து. ராத்திரி பூரா தூக்கம் வராமல் மண்டபத்து மொட்டைமாடியில் உட்கார்ந்து பந்தல்காரனோடு பேசிக்கொண்டிருந்தோம். அதைத்தான் நாம் எஸ்பிரெஸோ என்று நம்பிக்கொண்டிருந்தோம். இன்ஸ்டன்ட் தூள், பால், ஆவி. அவ்வளவுதான் சரக்கு.

இத்தாலிக்காரன் சொல்லும் எஸ்பிரெஸோ வேறு. மாவு போல அரைத்த பொடியை இறுக்கி அமுக்கி, அதற்குள் 9 பார், அதாவது நம்மைச் சுற்றியிருக்கிற காற்றைப் போல ஒன்பது மடங்கு, அழுத்தத்தில் வெந்நீரைத் தள்ளி, அரை நிமிஷத்துக்குள் இரண்டு வாய் அளவு காபியை இறக்குவது. 18 கிராம் பொடி போட்டால் 36 கிராம் காபி வரும். மேலே படியும் அந்தத் தேன்நிற நுரைக்கு அழுத்தம்தான் காரணம். மிலானில் அக்கிலே காஜ்ஜா என்பவர் 1938-ல் காப்புரிமை வாங்கி, போர் முடிந்ததும் கைப்பிடியை இழுத்து இறக்குகிற மெஷினைக் கடைகளுக்குக் கொண்டு வந்த பிறகுதான் அந்த நுரையே வந்தது. உன் அடுப்பில் நிற்கிற பாத்திரத்தில் உள்ள அழுத்தம் ஒன்று, ஒன்றரை பார். பல சமயம் அதுகூட இல்லை. நம் வீட்டுப் பிரஷர் குக்கரும் அதே ஒரு பார் சுமாருக்குத்தான் விசில் அடிக்கிறது. அதாவது நீ வாங்கியது குக்கருக்கு ஒன்றுவிட்ட தம்பியை. அவனிடம் போய் எஸ்பிரெஸோ கேட்டால் அவன் என்ன செய்வான், பாவம்.

உறவு பேச்சுக்குச் சொல்லவில்லை. கழற்றிப் பார். வாயில் கேஸ்கட், பக்கவாட்டில் சேஃப்டி வால்வு, மரை போட்ட மூடி. எல்லாம் நமக்குத் தெரிந்த சாமான்தான். தண்ணீர் ஆவியாகி மேலே போய்க் காபியாக இறங்குகிறது என்று நானும் வெகுநாள் நினைத்தேன். அப்படியில்லை. அடிப்பாத்திரத்தில் தண்ணீருக்கு மேலே கொஞ்சம் காற்று இருக்கிறது அல்லவா? சூடேற ஏற அது விரிகிறது, ஆவியும் கூடச் சேர்ந்துகொள்கிறது. இரண்டும் சேர்ந்து தண்ணீரை அமுக்க, அதற்குப் போக்கிடம், பொடிக் கிண்ணத்துக்கு அடியில் இருக்கிற புனலின் தண்டு ஒன்றுதான். அதன் வழியே ஏறி, பொடிக்குள் புகுந்து, நடுக்குழாய் வழியாக மேல் பாத்திரத்தில் வழிகிறது. ஏறுவது வெந்நீர். தண்ணீர் மட்டம் தண்டின் நுனிக்குக் கீழே போன பிறகுதான் ஆவி ஏறும். குபுகுபுவென்று நீ கேட்டாயே, அந்தச் சத்தம். அது வந்த பிறகும் அடுப்பில் விட்டால் வருவது காபி இல்லை, கஷாயம்.

உன்னைச் சிரிக்க எனக்கு யோக்கியதை கிடையாது. மகள் இத்தாலியில், டூரினில் படிப்பை முடித்துத் திரும்பியபோது சூட்கேஸில் சேலைக்கு நடுவே சுற்றி இதைக் கொண்டு வந்தாள். அவள் ஊர் சுற்றப் போன மறுநாள் நானே களத்தில் இறங்கினேன். ஃபில்டருக்கு வாங்கி வைத்திருந்த பொடி, எண்பதுக்கு இருபது சிக்கரி. ஃபில்டரில் அமுக்குகிற மாதிரியே கரண்டியால் நன்றாக அமுக்கினேன். அடுப்பை முழுசாகத் திறந்துவிட்டேன். ஐந்து நிமிஷம், ஆறு நிமிஷம், மேலே ஒரு சொட்டு வரவில்லை. பிறகு இடுப்பில், மரைப் பக்கமாக, சீறிக்கொண்டு கிளம்பியது பார்! வால்வும் சேர்ந்து கத்த, பூஜையறையிலிருந்து என் வீட்டுக்காரி, அதான் உன் தங்கச்சி, கையில் மணியோடு ஓடி வந்தாள். கைப்பிடி உருகி ஒரு பக்கமாகத் தொங்கியது. இன்றும் அப்படித்தான் இருக்கிறது.

குற்றவாளி சிக்கரி. தண்ணீர் பட்டதும் கொழகொழவென்று ஆகி வழியை அடைத்துக்கொள்ளும். நம் ஃபில்டரில் அதுவே குணம்: டிகாக்‌ஷன் அவசரப்படாமல் சொட்டுச் சொட்டாக இறங்கும், கறுப்பும் கெட்டியும் கிடைக்கும். இங்கே அது தொண்டையில் சிக்கிய முள். நீயும் அதைத்தான் போட்டிருப்பாய், பந்தயம் கட்டுகிறேன். கடையில் போய், ‘பீபெர்ரி பாதி, பிளான்டேஷன் ஏ பாதி, சிக்கரி வேண்டாம்’ என்று கேட்டதற்கு, முப்பது வருஷமாக எனக்கு அரைத்துக் கொடுக்கிறவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். ‘சிக்கரி இல்லாம நிக்காதே சார், வீட்ல என்னமும் பிரச்சினையா?’ என்றார். அரைவையை மாற்றச் சொல்லாதே. ஃபில்டர் அரைவையே இதற்குப் போதும். தூள் உப்பு மாதிரி விரலில் நெருட வேண்டும், மைதா மாதிரி ஒட்டக் கூடாது.

இப்போது நான் செய்கிறதைச் சொல்கிறேன். தண்ணீரைத் தனியாகக் கொதிக்க வைத்து அடிப்பாத்திரத்தில் வால்வுக்குச் சற்றுக் கீழே வரை ஊற்றுகிறேன். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அது சூடாகிற வரை பொடி உலோகத்துக்கு நடுவே சும்மா வறுபட்டுக்கொண்டிருக்கும். வாயில் ஒரு தீய்ந்த வாசம் வரும். மகள் இதை ஒப்புக்கொள்வதில்லை. டூரினில் கூட இருந்த பெண்கள் எல்லாரும் குழாய்த் தண்ணீரைத்தான் பிடித்து வைப்பார்களாம். இருக்கட்டும், என் நாக்கு எனக்கு. பொடியைக் கிண்ணம் நிறையப் போட்டு விரலால் தட்டையாக வழித்துவிடு. அமுக்காதே, அமுக்கவே அமுக்காதே. விளிம்பில் ஒட்டியதைத் துடைத்துவிடு, இல்லாவிட்டால் கேஸ்கட் சரியாக உட்காராது. அடிப்பாகம் கொதிக்கும், துணியைப் பிடித்துத்தான் திருக வேண்டும்.

நம் ஊர் கேஸ் அடுப்பின் கம்பிகளுக்கு நடுவே இது ஒரு பக்கமாகச் சாயும். அப்பளம் சுடுகிற கம்பி வலையை மேலே போட்டு அதில் வை. சின்ன பர்னர், சிம். மூடியைத் திறந்தே வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நில்.

நிற்பதில்தான் சுகமே இருக்கிறது, சுந்தரம். மூன்று நான்கு நிமிஷத்தில் நடுக்குழாயின் உச்சியில் ஒரு துளி தயங்கித் தயங்கி எட்டிப் பார்க்கும். முதலில் வருவது கருப்பட்டிப் பாகு மாதிரி கறுப்பாக, கனமாக, சத்தமே இல்லாமல் குழாயின் தோளில் வழியும். பிறகு புளிக்கரைசல் நிறம். அப்புறம் தேன் நிறத்துக்கு வெளுக்கத் தொடங்கி, ஒரு சின்ன மூச்சு வாங்கும். அந்த நொடியில் தூக்கிவிடு. கடைசிச் சொட்டுக்கு ஆசைப்படாதே. ஈரத்துணியில் அடியை வைத்தால் உள்ளே இருக்கிற ஆவி அடங்கி, ஏறுவது நின்றுவிடும். அடுப்பைப் பற்ற வைத்துவிட்டுப் பேப்பர் படிக்கப் போனாய் என்றால் மறுபடி சுவர்தான்.

இன்னொன்று. உன்னுடையது மூணு கப் பாத்திரம் என்று எழுதியிருக்கிறது, மூணு பேருக்கு வரவில்லை என்று புலம்பியிருந்தாய். அது அந்த ஊர்க் கணக்கு. அவர்கள் கப் நம் பாலாடை மாதிரி. 15 கிராம் பொடி, 150 மில்லி தண்ணீர், கையில் கிடைப்பது 120 சொச்சம். பால் சேர்த்தால் இரண்டு டம்ளர். சரி, ஒரு ஆளுக்கு வேண்டுமானால் பாதிப் பொடி போடலாமா என்றால் அதுவும் கூடாது. கிண்ணம் நிறையாவிட்டால் தண்ணீர் ஓட்டை தேடிக்கொண்டு பக்கவாட்டில் ஓடிவிடும்.

பால் ஊற்றுவது பாவம் என்று யாராவது சொன்னால் கண்டுகொள்ளாதே. அங்கே காலைச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வீடு பாலில் கலந்துதான் குடிக்கிறார்கள். மகள் ஒரு வித்தை காட்டினாள்: முதலில் வருகிற பாகை மட்டும் இரண்டு ஸ்பூன் எடுத்துச் சர்க்கரையில் விட்டு அடி அடியென்று அடித்தால் சந்தன நிறத்தில் பொங்கும். அதை மேலே போட்டுக் கொடுத்தாள். நுரைக்காகத்தான் நாற்பதாயிரம் என்றால், அது உன் வீட்டு ஸ்பூனிலேயே இருக்கிறது.

இந்தப் பாத்திரத்தின் பூர்வீகம் டூரினுக்கு வடகிழக்கே, ஓர்த்தா ஏரியின் தலைமாட்டில் இருக்கிற ஒமேன்யா. 1933. அல்ஃபோன்ஸோ பியலெத்தி என்ற அலுமினியப் பட்டறைக்காரர் செய்து சந்தையில் விற்றார். மகன் ரெனாத்தோதான் போருக்குப் பிறகு விரலைத் தூக்கி நிற்கும் மீசைக்காரர் படத்தைப் போட்டு வீட்டுக்கு வீடு சேர்த்தார். அவர் 2016-ல் காலமானபோது அஸ்தியை ஒரு பெரிய மோக்கா பாத்திரத்தில் போட்டுத்தான் அடக்கம் செய்தார்கள். நமக்குத் தாமிரபரணி, அவருக்குக் காபிப் பாத்திரம்.

எனக்கு அதைவிட ஆச்சரியம் நேப்பிள்ஸ். அங்கே இந்த மோக்காவுக்கு முன்னால் இருந்தது, கொதித்ததும் தலைகீழாகக் கவிழ்த்து வைக்கிற பாத்திரம். வெந்நீர் தன் எடையிலேயே பொடி வழியாகக் கீழே சொட்டும். சொல்லு, அது யார்? நம் ஃபில்டரின் கூடப்பிறந்தது! அவர்களும் நம்மைப் போலத்தான் காத்திருந்து குடித்துக்கொண்டிருந்தார்கள். இதைக் கேள்: நம் நாட்டுக் காபிக்கொட்டையை அதிகம் வாங்குகிறவனும் இத்தாலிக்காரன்தான். அவன் கலவையில் கனத்துக்கும் நுரைக்கும் போடுகிற ரொபஸ்டாவில் நம் குடகுச் சரக்கு நிறைய உண்டு. நாம் ‘மட்டக் கொட்டை’ என்று ஒதுக்குவோமே, அதேதான். டாக்டர் உன்னை பிரஷருக்காக மிரட்டியிருக்கிறார் என்பதால் சொல்கிறேன், ரொபஸ்டாவில் கஃபீன் அராபிகாவைப் போல இரண்டு மடங்கு. நீ அராபிகா பீபெர்ரியிலேயே இரு.

கழுவுகிற சங்கதி முக்கியம். எங்கள் வீட்டில் வேலை செய்கிற அம்மா பித்தளைக்குப் பழகிய கை. உள்ளே கறுத்திருக்கிறதே என்று புளி போட்டு, கம்பி நாரால் தேய்த்து, கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டார். நாலு நாள் காபியில் ஒரே அலுமினிய வாடை. வெறும் வெந்நீர், ஒரு துணி, போதும். ஈரத்தோடு திருகி வைக்காதே, வெள்ளையாகப் பூக்கும். உனக்கென்ன, சிறுவாணித் தண்ணீர். எனக்கு போர் தண்ணீரில் அடி முழுக்க உப்பு படிந்து, இப்போது குடிக்கிற கேன் தண்ணீரைத்தான் ஊற்றுகிறேன்.

மெஷின் பற்றி. தடுக்கவில்லை, உன் பென்ஷன். ஆனால் அதற்கு அரைக்கிற மெஷின் தனியாக வேண்டும், நல்லதாக வேண்டும். பார்த்த விலையில் அதைச் சேர்த்தாயா? யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கை நடுங்கக் கூடாது. ஒரு மாதம் சிம்மில் இதைப் பழகு. அதற்குப் பிறகும் ஆசை அடங்காவிட்டால் வாங்கு, நானே வந்து குடிக்கிறேன்.

காலையில் எங்கள் வீட்டில் இன்னும் ஃபில்டர்தான். ராத்திரி பொடி போட்டு வெந்நீர் ஊற்றி வைத்துவிட்டுப் படுப்பது உன் தங்கச்சியின் நாற்பது வருஷப் பழக்கம். அதில் நான் கை வைக்க முடியாது. மோக்கா மூன்றரை மணிக்கு. அவள் முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அதிக நேரம் நிற்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதனால் மத்தியான அடுப்படி என் பொறுப்பில் வந்தது. முதல் வாரம் ‘என்ன இது, மருந்து மாதிரி’ என்றாள். இப்போது சத்தம் மாறினதும் கட்டிலில் இருந்தபடியே, ‘ஏங்க, எடுங்க’ என்கிறாள். என்னைவிட அவளுக்குக் காது நன்றாகப் பழகிவிட்டது.

தை மாதம் வருவதாகச் சொன்னாயே, நிச்சயம்தானே? வரும்போது உங்கள் பக்கத்துக் கடையில் சிக்கரி போடாமல் அரைக் கிலோ அரைத்துக்கொண்டு வா. உன் பாத்திரத்தின் பழைய கேஸ்கட்டையும் கழற்றி எடுத்து வா, அளவு வைத்துப் பார்த்து இரண்டு பேருக்கும் சேர்த்து வாங்கிவிடலாம்.

உன்,
கணேசன்

பி.கு.: சுவரைத் துடைத்தாயா இல்லையா? காய்ந்துவிட்டால் வெள்ளையடிக்கத்தான் வேண்டியிருக்கும். எங்கள் சுவருக்கு நான் அதைத்தான் செய்தேன்.