கொடையாளரின் ரத்தப் பிரிவு குறித்து மாலதிக்கு

அன்புள்ள மாலதி,

இங்கே எல்லோரும் நலம். நீங்கள் இருவரும் நலமென்று உன் கடிதத்தின் முதல் வரியே சொல்லிவிட்டதால், விசாரிப்பை இத்தோடு நிறுத்திக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

விந்தணுக் கொடையாளர் பட்டியலில் நெகட்டிவ் ரத்தப் பிரிவினரை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற அனைவரையும் அடித்துவிட்டதாகவும், மிஞ்சியவர்களில் ஒருவரும் உனக்குப் பிடிக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். செருப்பு வாங்கப் போனாலும் வேண்டாதவற்றை ஒதுக்கி ஒதுக்கியே வெறுங்கையோடு திரும்புகிறவள் நீ; இதைக் கேட்டால் சுந்தரி என்ன சொல்வாள் என்று உனக்கே தெரியும். ஐரோப்பிய வம்சாவளியினரிலேயே நெகட்டிவ் சுமார் 15 சதவீதம்தான். ஆசியாவில் அதைவிட மிகக் குறைவு. பட்டியல் சுருங்காமல் என்ன செய்யும்?

உன் கணக்கில் பிழையில்லை. நீ ஓ நெகட்டிவ். கொடையாளரும் நெகட்டிவ் என்றால் குழந்தையும் நெகட்டிவாகவே பிறக்கும், தடுப்பு ஊசி என்ற பேச்சே எழாது. அவர் பாசிட்டிவ் என்றால், ரத்தத்தைப் பாசிட்டிவ் ஆக்கும் டி மரபணுவைத் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவரா, ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவரா என்பதைப் பொறுத்து, குழந்தை பாசிட்டிவாவது உறுதியாகவோ பாதிக்குப் பாதியாகவோ அமையும். அவருடைய விவரத்தாளில் உள்ள கூட்டல் குறி இந்த வேறுபாட்டைக் காட்டாது. ஆனால் குழந்தை பாசிட்டிவாக இருப்பதே ஆபத்தன்று. அதன் ரத்தம் சிறிது உன் ரத்தத்தில் கலந்து, பாசிட்டிவ் அணுக்களைத் தாக்கும் எதிர்ப்பொருளை உன் உடல் உண்டாக்கிவிட்டால்தான் தொல்லை. அதுவும் பெரும்பாலும் அடுத்த கருவுக்குத்தான். அதைத் தடுக்க 1968 முதல் ஆன்டி-டி ஊசி இருக்கிறது: 28ஆவது வாரத்தில் ஒன்று, பிறந்த குழந்தை பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. ஊசியே இல்லாத காலத்தில் நூற்றுக்குச் சுமார் 16 பேருக்கு உண்டான எதிர்ப்பொருள், இரண்டும் முறையாகப் போடப்படும் இடங்களில் ஆயிரத்துக்கு இரண்டு மூன்று பேர் என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. இந்த மருந்தும் கொடையாளர்களின் பிளாஸ்மாவிலிருந்துதான் வருகிறது. ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசன் 1,100 தடவைக்கு மேல் கொடுத்து, 2018இல், 81 வயதில்தான் நிறுத்தினார். கொடையாளர் தேடும் நேரத்தில் அவரையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்.

இனி, உன் கடிதத்தில் நீ எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். உனக்கு நான்காம் மாதத்தில் கரு கலைந்தபோது அந்த ஊசி போட்டார்களா? கருச்சிதைவின்போதும் ரத்தம் கலக்கலாம். அன்று நீ இருந்த நிலையில் இதையெல்லாம் கேட்டிருக்க முடியாது என்பதை அறிவேன். ஆனாலும் கொடையாளரின் ரத்தப் பிரிவைவிட இந்தக் கேள்விதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. எங்கள் ரத்த வங்கி மேசையில், ரத்தத்தில் எதிர்ப்பொருள் உண்டா என்று காட்டும் இன்டைரக்ட் கூம்ஸ் டெஸ்ட் பார்க்கும்போது, எதிர்ப்பொருள் இல்லாத ரத்தத்தின் சோதனைக் குழாயைத் தட்டினால் அடியிலுள்ள சிவப்பு அணுக்கள் சீராகக் கலைந்து மேலெழும்; இருக்கிற குழாயில் அவை திட்டுத் திட்டாகத் திரண்டு பிரிய மறுக்கும். அந்தத் திட்டைக் கண்ட பிறகு ஆன்டி-டி போட்டுப் பயனில்லை, உண்டான எதிர்ப்பொருளை அது அகற்றாது. பாசிட்டிவான கரு வயிற்றிலேயே ரத்தசோகைக்கு உள்ளாகலாம். அதன் மூளை ரத்தக் குழாயின் ஓட்டத்தை ஸ்கேனில் அடிக்கடி அளந்து, தேவைப்பட்டால் கருவுக்கே ரத்தம் ஏற்ற வேண்டிவரும்.

ஆகவே அந்தப் பரிசோதனை முடிவு வரும்வரை யாரையும் தேர்ந்தெடுக்காதே, யாரையும் அடிக்கவும் அடிக்காதே. டி எதிர்ப்பொருள் இருந்தால் நெகட்டிவ் கொடையாளர்தான், அதில் நானும் உன்னோடு சேர்ந்து பிடிவாதம் பிடிப்பேன். இல்லையென்றால் பாசிட்டிவ் பெயர்களை மறுபடியும் பட்டியலில் சேர்த்துவிட்டு, தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய்க்கான பரிசோதனையைக் கவனி. உனக்கும் கொடையாளருக்கும் அந்த நோயின் மரபணு இருந்துவிட்டால் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் குழந்தைக்கு நோய் வரும், அதற்குத் தடுப்பு ஊசி கிடையாது. எல்லா வகையிலும் ஒத்த இருவர் எஞ்சினால் நெகட்டிவைத் தேர்ந்தெடு, வேண்டாமென்று நான் சொல்லவில்லை.

கருச்சிதைவின்போது கொடுத்த டிஸ்சார்ஜ் தாளைத் தேடி எடுத்து, இருபக்கமும் படமெடுத்து அனுப்பு. கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, ரத்தப் பரிசோதனையை இந்த வாரமே செய்துகொள். வீட்டில் அவரிடம் என் அன்பைச் சொல்.

உன்,
கௌரி