வேலிக்கு இரண்டு பக்கமும் இருப்பவர்களுக்கு நன்றி

அன்பான அயலவர்களுக்கும் உறவுகளுக்கும்,

இந்த வருடம் எங்கள் பின்வளவில் முள்ளங்கி பழுதில்லாமல் வந்தது. கோவா, அதாவது முட்டைக்கோஸ், வடிவாகச் சுற்றிக் கட்டியது. நோக்கோலை வெட்டினால் உள்ளே வெள்ளையாக இருந்தது, ஒரு துளைகூட இல்லை. ரொறன்ரோவின் கிழக்குப் பக்கம், இந்த ஸ்காபரோவில், வேரைத் தின்னும் ஈப்புழுவோடு மல்லுக்கட்டி வீட்டுத் தோட்டம் வைத்திருக்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். இதை எங்கள் வீட்டார் தனியாகச் செய்துவிடவில்லை. இடப்பக்கம், வலப்பக்கம், பின்வேலிக்கு அந்தப் பக்கம் என்று எல்லோரும் சேர்ந்ததால்தான் நடந்தது. அதை நாலு பேர் அறியச் சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். தமிழ் வாசிக்கத் தெரியாத அயலவர்களுக்கு மகள் வாசித்து விளங்கப்படுத்துவாள்.

முதல் நன்றி மூன்றாம் வீட்டு அன்ரிக்கு. கோவாக் கன்றுகள் மத்தியான வெயிலில் துவண்டு, பின்னேரம் நிமிர்ந்து, அடுத்த நாள் திரும்பவும் துவண்டுகொண்டிருந்தன. இலையில் ஒரு ஓட்டையும் இல்லை. ஆனால் பச்சை மங்கி ஒரு நீலச் சாயல் ஏறியிருந்தது. தண்ணீர் போதவில்லை என்றே எல்லோரும் சொன்னார்கள். அன்ரி வந்து பார்த்துவிட்டு, ஒரு கன்றை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்தார். அது எந்தப் பிடிப்பும் இல்லாமல் கையோடு வந்துவிட்டது. வாளித் தண்ணீரில் வேரைக் கழுவிக் காட்டினார். பக்க வேர்கள் ஒன்றும் மிச்சமில்லை. நடு வேரில் பழுப்பு நிறக் கோடுகளாக அரித்த தடம். அந்தத் தடத்துக்குள் தலையும் காலும் தெரியாத வெள்ளைப் புழுக்கள், ஒரு சென்ரிமீற்றர்கூட இராது, நெளிந்துகொண்டு இருந்தன. அழுகிய மணம் வேறு.

அன்ரி கனடாவுக்கு வந்த புதிதில் ரொறன்ரோவுக்கு வடக்கே ஹொலண்ட் மார்ஷ் பக்கத்து வெங்காயத் தோட்டங்களில் வேலை செய்தவர். வெங்காயத்தைக் குடைகிற புழுவை அங்கே நிறையக் கண்டிருக்கிறார். "இது அதின்ர சொந்தக்காரன் பிள்ளை, கோவாவுக்கு வாற ஆள்" என்றார். ஊரில் கோவாவுக்கு எதிரி இலையைத் தின்னும் புழு. மேலாலே பார்த்தாலே பிடித்துவிடலாம். இது மண்ணுக்குக் கீழே வேலை செய்கிறது. துவண்டு காட்டும்போது பாதிச் சேதம் முடிந்துவிடுகிறது. அன்ரி அன்று வராவிட்டால் நாங்கள் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்திருப்போம்.

அடுத்தது எங்கள் பகுதி நூலகத்தில் இருந்த அந்தப் பெண்ணுக்கு. வேரோடு ஒரு போத்தலைக் கொண்டுபோய் வைத்தபோதும் முகம் சுளிக்காமல், வேண்டிய புத்தகங்களைத் தேடி எடுத்துத் தந்தார். அவற்றை வாசித்த பிறகுதான் எங்களுக்கு எதிராளி யார் என்று பிடிபட்டது. டெலியா ராடிகம் என்ற சாம்பல் நிறச் சின்ன ஈ, 6 மில்லிமீற்றர் அளவு. வீட்டு ஈயின் குட்டி என்றே எவரும் நினைப்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து வட அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்தது. கோவா, புறோக்கோலி, பூக்கோவா, நோக்கோல், முள்ளங்கி, கடுகு என்று கடுகுக் குடும்பத்துப் பயிர் எல்லாமே அதற்கு ஏற்றதுதான். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் 1 மில்லிமீற்றர் நீளத்தில் வெள்ளை முட்டைகளை இடும். புழு சில நாட்களில் பொரித்து, மூன்று நாலு கிழமை வேரைத் தின்று, மண்ணுக்குள்ளேயே கூட்டுப்புழுவாகும். பார்த்தால் குத்தரிசி மணிபோல இருக்கும். பனிக்காலம் முழுக்க அப்படியே மண்ணுக்குள் தூங்கி, ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் ஈயாக வெளியே வரும். தெருவோரங்களில் மஞ்சள் ரொக்கெற் என்ற பூண்டு பூக்கிற காலம்தான் அதற்கும் காலம். நாங்கள் கன்று நடுகிற காலமும் அதுவே. வருடத்தில் இரண்டு மூன்று தலைமுறை வரும். சின்னக் கன்றுகளைச் சாய்ப்பது அந்த முதல் தலைமுறைதான்.

மருந்து அடிக்கலாம் என்று போன இடத்தில் எங்களைத் திருப்பி அனுப்பிய தோட்டக் கடைத் தம்பிக்கும் நன்றி. 2009 ஏப்ரல் 22 முதல் ஒன்ராறியோவில் புல்தரைக்கும் வீட்டு மரக்கறித் தோட்டத்துக்கும் அப்படியான இரசாயன மருந்துகளுக்குத் தடை இருக்கிறது. அதைப் பொறுமையாகச் சொல்லி, விலை கூடிய வேறொன்றையும் தலையில் கட்டாமல், 1.3 மில்லிமீற்றர் கண் உள்ள வலைத்துணியை அளந்து வெட்டித் தந்தார். நுளம்பு வலையைவிடக் கொஞ்சம் தடித்தது. கன்று நட்ட அன்றைக்கே மூட வேண்டும், ஓரத்தைச் சுற்றிவர மண்ணுக்குள் புதைக்க வேண்டும் என்று இரண்டு தரம் சொன்னார். இன்னொன்றும் சொன்னார், அதுதான் பெரிய உதவி. போன வருடம் கோவா நின்ற பாத்தியில் இந்த வலையைப் போடாதே, மண்ணுக்குள் தூங்குகிற ஈ வலைக்குள்ளேயே எழும்பிவிடும், நீயே கதவைச் சாத்திக் கொடுத்ததாகிவிடும் என்றார்.

வலை ஒரு பாத்திக்குத்தான் போதுமாக இருந்தது. மற்றப் பாத்தியைக் காப்பாற்றியவர் இடப்பக்கத்து வீட்டுப் போர்த்துக்கீசத் தாத்தா. அவருடைய கராஜில் கூரை வேலையில் மிஞ்சிய தார்த்தாள் சுருள் ஒன்று கிடந்தது. ஒரு மாபால் ரின்னின் மூடியை அதன்மேல் வைத்து, கத்தியால் சுற்றிவர இழுத்து, 15 சென்ரிமீற்றர் அகலத்தில் வட்டம் வட்டமாக வெட்டினார். ஓரத்திலிருந்து நடுவரை ஒரு கீறல். நடுவில் ஒரு சின்ன நட்சத்திரக் கீறல். தண்டை அந்தக் கீறல் வழியாக உள்ளே விட்டால், தாள் மண்ணோடு படிந்து கிடக்கும், நடுவில் உள்ள நாக்குகள் தண்டை ஒட்டிப் பிடிக்கும், தண்டு தடிக்கத் தடிக்க விலகிக் கொடுக்கும். ஈ வந்து முட்டையிடத் தேடுகிற மண் அங்கே இல்லை. தாளுக்கு மேலே இட்டாலும் முட்டை காய்ந்துபோகும். தாள் மண்ணில் தட்டையாகப் படியவேண்டும் என்பதற்காகத் தாத்தா முழங்காலில் நின்று ஒவ்வொரு கன்றின் அடியிலும் கட்டிகளை விரலால் நொறுக்கிச் சமப்படுத்தினார். எழுபது வயதைத் தாண்டிய மனிதர். ஒரு கோப்பைத் தேநீருக்கு மேல் எதையும் வாங்க மறுத்துவிட்டார்.

இங்கிலாந்தில் இருக்கும் மச்சாளுக்கும் ஒரு வரி. அங்கே வெல்ஸ்போர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் ஸ்டான் ஃபின்ச், ரோஸ்மேரி கொலியர் என்ற இருவர் இந்த ஈயைப் பற்றியே நெடுங்காலம் ஆராய்ந்தவர்கள். 2000ஆம் ஆண்டில் அவர்கள் எழுதியதைத் தொலைபேசியில் எடுத்துச் சொன்னது அவர்தான். ஈ பச்சையாகத் தெரிகிற எந்த இலையிலும் இறங்கும். இறங்கிய இலை கோவாதானா என்று காலால் அறியும். திரும்பத் திரும்பச் சரியான இலையில் இறங்கினால்தான் முட்டையிடப் போகும். இடையிலே வேறு பச்சை இருந்தால் அதன் கணக்குத் தப்பும். எனவே கோவாவுக்கு இடையில் குளோவர் என்ற தரையோடு படரும் பூண்டை விதையுங்கள் என்றார், விதைத்தோம். அதனால் எவ்வளவு குறைந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. வெறும் மண் தெரியாமல் பாத்தி பச்சையாக இருந்ததே மனதுக்கு நிறைவாக இருந்தது.

இனி, இந்த மடலை எழுத வைத்தவரிடம் வருகிறேன். பின்வேலிக்கு அந்தப் பக்கத்துச் சீனப் பாட்டி.

ஈக்கு வேலி தெரியாது. எங்கள் பாத்தியை நாங்கள் என்னதான் மூடினாலும், பக்கத்து வளவில் புழுப் பிடித்த அடிக்கட்டைகள் மண்ணோடு கிடந்தால் அடுத்த தலைமுறை அங்கிருந்து வரும். எங்களிடம் இருப்பது அவர்களிடம் போகும். பாட்டியின் வளவு முழுக்கப் பொக் சோய் என்ற சீனக் கீரை, அதுவும் கடுகுக் குடும்பம்தான். பனி கரைந்தவுடன் விதைத்து, மே மாதக் கடைசியில் பிடுங்கி, பேரப்பிள்ளைகளுக்குச் சமைத்துக் கொடுப்பது அவருக்கு வருடத்தின் முதல் சந்தோஷம். அவருடைய பொக் சோயும் அதே புழுவால் படுத்துக்கொண்டிருந்தது. அவருடைய மருமகளை வைத்துக் கதைத்தோம். வசந்த காலத்தில் ஒரு தரம் மட்டும் யாருமே கடுகுக் குடும்பத்துப் பயிரை வெறுமனே விதைக்காமல், பழைய பாத்திகளில் அவரையும் தக்காளியும் போட்டுவிட்டு, முதல் ஈக்கூட்டம் போன பிறகு ஜூன் மாதக் கடைசியில் பொக் சோய் விதைப்போமா என்று கேட்டோம்.

கேட்கும்போதே எனக்குத் தயக்கமாக இருந்தது. வயதான ஒருவரிடம், உங்கள் முதல் கீரையை எங்களுக்காக விட்டுவிடுங்கள் என்று எப்படிக் கேட்பது? பாட்டி கொஞ்ச நேரம் பாத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மண்வெட்டியை எடுத்து வந்து, போன வருட அடிக்கட்டைகளை அன்றைக்கே கிளறத் தொடங்கிவிட்டார். அந்த இடத்தில் பயற்றங்காய்ப் பந்தல் போட்டார். எங்களுக்கு முதலில் வந்த பயற்றங்காயும் அவர் தந்ததுதான். இத்தனைக்கும் அவருக்கும் எனக்கும் பொதுவான ஒரு மொழி கிடையாது. வலையும் தார்த்தாளும் கடையில் கிடைக்கும். பாட்டி செய்தது கடையில் கிடைக்காது. என்னைக் கேட்டால் இந்த வருடத்து விளைச்சலில் பாதி அவருடையது.

வலப்பக்க வீட்டுக்காரருக்கும் ஒரு நன்றி இருக்கிறது. அவர் தோட்டம் செய்கிறவர் இல்லை. வேலியோரத்து இலைக்குப்பைக்குள் ஓடித்திரிகிற சின்னக் கறுப்பு வண்டுகளை மருந்து போட்டு அழிக்கப் போனவர், நாங்கள் கேட்டதும் விட்டுவிட்டார். குட்டைச் சிறகு வண்டு இனத்தில் அலியோகாரா பைலினியாட்டா என்று ஒன்று இருக்கிறது. அது இந்த ஈயின் முட்டையையும் புழுவையும் தின்னும். அதன் குஞ்சுப் புழுவோ கூட்டுப்புழுவைத் துளைத்து உள்ளே போய் அதையே உணவாக்கிக்கொள்ளும். வேலியோரத்தில் ஓடியது அதுதானா என்று நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கவில்லை. மற்றத் தரைவண்டுகளும் முட்டையைத் தின்கிறவைதான். எதுவானாலும் அவை உயிரோடு இருப்பது எல்லோருக்கும் நல்லது.

ஒக்டோபரில் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து நாலு வளவிலும் வேர்களைப் பிடுங்கினார்கள், மண்ணைக் கிளறிக் கூட்டுப்புழுக்களைக் குருவிகளுக்குக் காட்டிக் கொடுத்தார்கள். சேறு அப்பிய உடுப்புகளைத் தோய்த்த தாய்மாருக்கும் நன்றி. கோவா வறையும் முள்ளங்கிக் கறியும் எல்லா வீட்டுக்கும் வந்து சேர்ந்திருக்கும் என்று நம்புகிறேன். யாருக்காவது விடுபட்டிருந்தால் சொல்லுங்கள், நிலவறையில் இன்னும் நோக்கோல் இருக்கிறது.

வருகிற வசந்தத்துக்குப் பாத்திகளை மாற்ற வேண்டும். எங்கள் கோவா இந்த முறை வலப்பக்கத்து மூலைக்குப் போகிறது. பாட்டியின் பொக் சோய்க்கு மே மாதத்திலேயே விதைக்கக்கூடிய ஒரு புதுப் பாத்தியை, இதுவரை கடுகுக் குடும்பம் நிற்காத மண்ணில், எங்கள் வளவில் வெட்டி வைத்திருக்கிறோம். வலையும் வாங்கியாயிற்று. பாட்டி, முதல் கீரையை இந்த முறை விட வேண்டாம். தார்த்தாள் வட்டங்கள் எங்கள் கராஜில் இடப்பக்கத் தட்டில் இருக்கின்றன. தெருவில் யாருக்கு வேண்டுமானாலும் கேட்காமலே எடுத்துச் செல்லலாம்.

மிக்க நன்றியுடன்,
மூலை வீட்டுக் குடும்பத்தார்
ஸ்காபரோ