வெள்ளத்துல எங்கள கரையேத்துன எங்க சபை ஜனங்களுக்கு ஒரு நன்றி

எங்க ஊர் சபையாருக்கும் அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் ஸ்தோத்திரம். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்துல எங்க அம்மைய உயிரோட காப்பாத்திக் குடுத்த உங்க எல்லாருக்கும்தான் இத எழுதுதேன். யார் பேரும் போடல, "பேரெல்லாம் போடாதம்மா, ஆண்டவருக்கு தெரிஞ்சா போதும்"னு கண்டிப்பா சொல்லிட்டாவ.

காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழைங்கிறதெல்லாம் பிறகு பேப்பர்ல பாத்து தெரிஞ்சதுதான். அன்னைக்கு எங்களுக்குத் தெரிஞ்சது கரண்ட் இல்ல, செல்லுல டவர் இல்ல, தாமிரபரணி தண்ணி தெருவுக்குள்ள வருது, அவ்வளவுதான்.

முதல்ல எங்க சர்ச்சுல மணியடிச்சு கோயிலப் பாத்துக்கிடுற கோயில்குட்டியாருக்கு நன்றி. ராத்திரி கோயில் மணிய அவிய விடாம அடிச்சாவ, ஆராதனைக்கு அடிக்கிற அடி இல்ல, படபடன்னு நிறுத்தாம அடிச்ச அடி, அதுலதான் கீழத்தெருவே முழிச்சுது. கோயில் மேட்டுல இருக்கு, அடிச்சிட்டு அங்கேயே இருந்திருந்தாலும் ஒருத்தரும் ஒரு சொல்லு சொல்லியிருக்க மாட்டாவ. ஆனா அறுபது தாண்டுன அந்த மனுஷன் கிணத்துக் கயிறு ரெண்ட முடிச்சு போட்டு, ஒரு முனைய காம்பவுண்ட் கேட்டுலயும் மறுமுனைய இடுப்புலயும் கட்டிட்டு இறங்கிட்டாவ. அம்மைக்கு பக்கவாதம், நடக்க முடியாது. பிளாஸ்டிக் சேர்ல உக்கார வச்சு சேலையால கட்டி தூக்குனாவ, முன்னால கோயில்குட்டியார், பின்னால எதுத்த வீட்டு அண்ணாச்சி. சுடலமாடன் கோயில் கொடைக்கு வருஷா வருஷம் வரி பிரிக்கிற அண்ணாச்சிதான் அவிய, அந்தத் தண்ணிக்குள்ள யாரு எந்தக் கோயில்னு யாரும் கேக்கல. அண்ணாச்சி, உங்களுக்கும் நான் கடமைப்பட்டிருக்கேன்.

பெண்கள் ஐக்கிய சங்கத்து அம்மாமாரப் பத்தி எழுத ஆரம்பிச்சா முடியாது. வீட்டுல உலை வைக்கும்போது ஒரு கை அரிசிய தனியா கலயத்துல போட்டு ஊழியத்துக்குன்னு குடுக்கிறது நம்ம திருநெல்வேலி சபைகள்ல பாட்டிமார் காலத்துப் பழக்கம்லா, அந்தக் கைப்பிடி அரிசி மூட்டைய அவுத்து, அசனத்துக்கு, அதான் சபையார் எல்லாருக்கும் போடுற பொதுச் சாப்பாட்டுக்கு, எடுக்கிற அண்டாவுல கஞ்சி காய்ச்சிட்டாவ. விறகெல்லாம் நனைஞ்சு போச்சு. சபையில வேதம் சொல்லிக்குடுக்கிற உபதேசியார் கொஞ்சமும் யோசிக்காம "பெஞ்சு பிறகு செஞ்சிக்கிடலாம்"னு சொல்லி ஒரு பழைய பெஞ்ச உடைச்சு குடுத்தாவ. கஞ்சியில உப்பு மட்டும்தான். அதையும் பிள்ளைகளுக்கும் வயசானவியளுக்கும் ஊத்திட்டு, கடைசியாத்தான் அவிய குடிச்சாவ. 1903-ல பாளையங்கோட்டைல இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கி, நம்ம ஜனங்க காசுலயே தெலுங்கு நாட்டுக்கு நம்ம ஆளுங்கள அனுப்பினத சின்ன வயசுல இருந்தே கேட்டிருக்கேன், அப்படிக் குடுத்த கைங்க எப்படி இருந்திருக்கும்னு அன்னைக்கு அடுப்படியிலதான் பாத்தேன்.

நர்ஸ் வேலை பாக்கிற அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்லுறது. வேதபாடம் வாசிக்க கூப்பிட்டாலே கூச்சப்பட்டு பின்னால போய் நிக்கிற ஆளு நீங்க. அம்மை மாத்திரைய டிபன் பாக்ஸ்ல போட்டு தலையில வச்சு கழுத்தளவு தண்ணில கொண்டு வந்தீங்க, அப்புறம் ரெண்டு ராத்திரியும் அம்மைய புரட்டிப் படுக்க வச்சு, துணி மாத்தி, முகம் சுளிக்காம பாத்தீங்க. ஊழியம்னா மைக்கு, மேடை, போஸ்டர்னு ஆகிப்போன காலம் இது, எனக்கு அதுல துளிகூட சம்மதம் இல்ல. வெளிநாட்டுல இருந்து மிஷனெரியா இங்க வந்த ரேனியஸ் ஐயரையும் கால்டுவெல் ஐயரையும் ஏமி கார்மைக்கேல் அம்மையாரையும் நாம கொண்டாடுறது சரிதான், ஆனா அவியளோட செம்மண் தேரியில நடந்த உபதேசியார்மாரும் வீடு வீடா போய் வேதம் சொன்ன பைபிள் அம்மாமாரும் முக்காவாசி பேர் பேரே நமக்குத் தெரியாது. அக்கா, நீங்க அந்த வரிசையில உள்ளவிய.

மூணாம் நாள் சாப்பாட்டுப் பொட்டலமும் பால் பவுடரும் சுமந்துட்டு வந்த பள்ளிவாசல் தம்பிமாருக்கும் எங்க வீட்டு நன்றி. அம்மை இப்ப நல்லா இருக்காவ, உங்க எல்லாரையும் தினம் ஜெபத்துல சொல்லுதாவ.

இன்னொரு விஷயம். ஊரத் தூக்கிவிட்ட கோயில்குட்டியார் வீட்டு ஓடு இன்னும் ஒழுகுது, அவிய வாயத் திறந்து கேக்க மாட்டாவ. ஸ்தோத்திரப் பண்டிகைக்கு முந்தி மாத்திரணும்னு உபதேசியார்ட்ட பேசியாச்சு, ஓடு செலவு எங்க வீட்டுது. கை குடுக்க முடிஞ்சவிய சனிக்கிழமை காலைல வாங்க, சாப்பாடு எங்க வீட்டுலதான்.