மேனிஃபோல்டு நீள்வதற்கு இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டீசல் லாரி எஞ்சின்களுக்கான டர்போ எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை, அதாவது எல்லாச் சிலிண்டர்களின் புகையையும் திரட்டி, அதன் விசையால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தும் டர்போவுக்குக் கொண்டுசேர்க்கும் குழாய்த்தொகுதியை, பட்டறையிலேயே செய்துகொள்வது பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். பற்றவைப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் அதன் பெரும்பகுதியோடு எனக்கு உடன்பாடுதான். ஆனால், ஆறு சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே தடித்த தகட்டில், ஒரே துண்டாகச் செய்வதே வலுவானது என்று அதில் கூறப்பட்டிருக்கும் கருத்தை அப்படியே விட்டுவிட மனம் ஒப்பவில்லை. அதே எண்ணத்தில் வேலை செய்து கையைச் சுட்டுக்கொண்டவன் நான்.

என் முதல் மேனிஃபோல்டு அப்படிப்பட்டதுதான். 12 மி.மீ. தகட்டில் சிலிண்டருக்கு ஒன்றாகப் புகை வரும் ஆறு வாய்கள், 304 ரகத் துருப்பிடிக்காத எஃகுக் குழாய்கள், வரிசை பிசகாத பற்றுகள் என்று பார்ப்பதற்கு அழகாகவே இருந்தது. சில வாரங்களில் ஆறாவது சிலிண்டர்ப் பக்கக் கடைசி ஸ்டட், அதாவது மேனிஃபோல்டைச் சிலிண்டர் ஹெட்டோடு இறுக்கும் திருகுத்தண்டு, ஹெட்டுக்குள்ளேயே முறிந்து நின்றது. முதல் சிலிண்டர்ப் பக்கத்தில், பற்றின் ஓரத்தை ஒட்டி மயிரிழை போல ஒரு விரிசல் ஓடி, அதைச் சுற்றிக் கரி படிந்திருந்தது. பற்று உடையவில்லை, அதற்குப் பக்கத்துக் குழாய்தான் கிழிந்திருந்தது. இன்னும் தடித்த குழாயைப் போட்டால் சரியாகிவிடும் என்றுதான் முதலில் எண்ணினேன். கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே என் எண்ணம் தவறென்று தெரிந்தது.

முதல் வாயிலிருந்து ஆறாம் வாய் வரை 700 மி.மீ. நீளமுள்ள எஞ்சின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பாரம் ஏற்றி மேடு ஏறும்போது டீசல் எஞ்சினின் புகை 600 முதல் 700 டிகிரி செல்சியஸ் வரை சூடாகும். குழாயின் சூடு 500 டிகிரி உயர்ந்தால், அந்த 700 மி.மீ. நீளத்தில் சாதாரண எஃகு ஏறக்குறைய 4 மி.மீ. நீளும், 304 ரகமோ 6 மி.மீ. நீளும். தண்ணீரால் குளிரூட்டப்படும் சிலிண்டர் ஹெட் அதே நேரத்தில் அரை மி.மீ. அளவே நீளும். இந்த வேறுபாட்டை எந்த ஸ்டட்டாலும் இறுக்கிப் பிடித்து நிறுத்த முடியாது. எங்காவது வளைய வேண்டும், அல்லது நழுவ வேண்டும், இரண்டுக்கும் வழியில்லாவிட்டால் கிழிய வேண்டும். நடுவிலிருந்து மிகத் தொலைவில் இருப்பதால் இரு முனைகளும்தான் அதிகம் நகர்கின்றன. என் மேனிஃபோல்டு முனைகளில் போனதும் அதனால்தான்.

பெரிய லாரி எஞ்சின்களோடு வரும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டுகள் பலவும் மூன்று துண்டுகளாக இருப்பதைக் கழற்றிப் பார்த்தவர்கள் அறிவார்கள். நடுத்துண்டுக்குள் இரு முனைத்துண்டுகளும் நழுவி நுழையும். பிஸ்டன் ரிங் போன்ற வளையங்கள் அந்த இடைவெளியை அடைக்கும். குளிர்ந்த நிலையில் அந்த இணைப்பில் சிறிது கரி கசியத்தான் செய்யும். அதைப் பழுதென்று எண்ணிச் சுற்றிலும் பற்றவைத்து மூடிவிடும் 'திருத்தத்தை' நான் ஒருமுறைக்கு மேல் பார்த்திருக்கிறேன். பட்டறையில் செய்பவர்களும் இந்த நழுவும் இணைப்பையே பின்பற்றலாம். அதற்கு வசதியில்லையென்றால், வாய்களுக்கிடையே தகட்டை அறுத்து ஆறு தனித் துண்டுகளாக்கி, நடு ஸ்டட்களுக்கு மட்டும் துளையை அளவாகவும், முனைகளை நோக்கிப் போகப்போக நீள்வட்டமாகவும் வைத்துக்கொள்ளலாம்.

இதில் வேலையின் வரிசைதான் முக்கியம். தகட்டைப் பழைய ஹெட் ஒன்றின் மீதோ கனத்த பலகை இரும்பின் மீதோ இறுக்கி, ஒரு முனையில் ஒரு பற்று, மறுமுனையில் ஒரு பற்று என்று மாற்றி மாற்றி வைத்து, முழுதும் ஆறிய பிறகே கழற்ற வேண்டும். அறுக்கும்போது உள்ளே அடைபட்டிருந்த இழுவிசை விடுபட்டுத் தகடு மறுபடியும் அசையும். ஆகவே ஹெட்டில் பொருந்தும் முகத்தை மில்லிங் எந்திரத்தில் சீவிச் சமப்படுத்துவது அறுத்த பிறகுதான். முதலில் சமப்படுத்தி, பிறகு அறுத்து, புகை கசியும்போது 'கேஸ்கெட் (இடையில் வைக்கும் அடைப்புத் தகடு) சரியில்லை' என்று புலம்புவது வீண்.

குழாய்களின் நீளம் சமமாக இருக்க வேண்டும் என்று பாம்பு போல வளைக்கும் வழக்கத்தைக் கட்டுரை பாராட்டியிருந்தது. நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்குள் உழைக்கும் லாரி எஞ்சினுக்கு அதனால் கிடைப்பது சொற்பம். ஒவ்வொரு வளைவும் கூடுதல் பற்றையும் வெப்ப இழப்பையும் கொண்டுவருகிறது. அதைவிடப் பயன் தருவது பிரிப்பு. 1-5-3-6-2-4 என்ற வரிசையில் எரியும் எஞ்சினில், முதல் மூன்று சிலிண்டர்களின் புகை ஒரு வழியிலும் பின் மூன்றின் புகை மற்றொரு வழியிலும் சென்றால், ஒவ்வொரு வழியிலும் கிராங்க் தண்டு 240 டிகிரி சுழல்வதற்கு ஒரு புகைத் துடிப்பு வந்து, ஒன்றை ஒன்று பெரிதும் தடுக்காமல் டர்போவின் டர்பைன் சக்கரத்தைத் தள்ளும். குழாய் குட்டையாகவும் அளவுக்கு மீறி அகலமில்லாமலும் இருந்தால் போதும்.

பற்றின் உட்புறத்தைப் பற்றியும் ஒரு சொல். துருப்பிடிக்காத எஃகை டிக் முறையில் (டங்ஸ்டன் முனையால், ஆர்கான் வாயுவின் காப்பில்) பற்றவைக்கும்போது குழாயின் உள்ளேயும் ஆர்கான் வாயுவை நிரப்பாவிட்டால், வெளியே பளபளக்கும் அதே பற்று உள்ளே கருகிப் பொரிந்து நிற்கும். பிறகு அந்தப் பொருக்கு உதிர்ந்து போய் மோதுவது, நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றை ஒட்டிச் சுழலும் டர்பைன் இறக்கைகளில். ரகத்தைப் பொறுத்தவரை, 304 எஃகு 425 முதல் 815 டிகிரி வரையிலான சூட்டில் நெடுநேரம் கிடந்தால் அரிப்புக்கு எளிதில் இரையாகும் என்பதால், டைட்டானியம் கலந்த 321 மேலானது.

டர்போவின் எடையை மேனிஃபோல்டின் மீதே தொங்கவிடுவதும் தவறு. கீழே தாங்கி வேண்டும்; ஆனால் அது நீளவாக்கில் சற்றே வளைந்துகொடுக்கும் தகடாக இருக்கட்டும். அசையவே விடாமல் தாங்கினால் பழைய கதைதான்.

என் இரண்டாவது மேனிஃபோல்டு மூன்று துண்டுகளாகச் சாதாரண எஃகில் செய்யப்பட்டது. நழுவும் இணைப்பில் ஊசியால் ஒரு கோடு கீறி வைத்தேன். பாரத்தோடு ஓடித் திரும்பிய வண்டி முழுதும் ஆறிய பின் பார்த்தபோது, அந்தக் கோட்டை ஒட்டிச் சுமார் 2 மி.மீ. அகலத்துக்குக் கரியில்லாமல் தேய்ந்து மின்னியது. இரு முனைகளிலும் அப்படியே இருந்தது.

இப்படிக்கு,
பற்றவைப்புத் தொழிலிலுள்ள தங்கள் வாசகர்